நாற்பத்தேழு எங்கே?

"நாற்பத்தேழு எங்கே?" என்று கேட்டார் முத்திரை அம்மாள்.

டைம்கீப்பர் நான்கு மஞ்சள் அட்டைகளையும் வரிசையாக மேஜைமேல் பரப்பியிருந்தார். ஒன்பது வருஷமாக அப்படித்தான் பரப்புகிறார். ஒன்பது வருஷமாக யாரோ ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் டக், டக், டக், டக் என்று நான்கு குத்து குத்தி அனுப்பிவிடுவார். இந்த வருஷம் பார்த்து, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரை முத்திரை குத்துகிற நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

"நாற்பத்தஞ்சு நீங்க. நாற்பத்தாறு, இதோ உங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. நாற்பத்தெட்டு, அங்க மூச்சு வாங்கிக்கிட்டிருக்காரு. நாற்பத்தேழு?"

"பின்னால வர்றார்மா. பஞ்சர்."

"வரட்டும். வந்ததும் குத்தறேன். புது ரூல் தம்பி. ஆளு, சைக்கிள், அட்டை மூணும் என் கண்ணு முன்னால நிக்கணும். போன வருஷம் ஒருத்தர் தம்பியோட அட்டையையும் சேர்த்துக் குத்திக்கிட்டுப் போயிட்டாராம். தம்பி வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தாராம்."

நாற்பத்தேழும் ஒருவகையில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். அவர் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

டைம்கீப்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பொய் சொல்ல வராது. பஸ் டிப்போவில் இருபத்தாறு வருஷமாக வேலை. ஒரு வண்டி ரெண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால் டிரைவர் சொந்தக்காரனாகவே இருந்தாலும் சிவப்பு மையில் எழுதிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். தட்டு வைக்க ஏழு நிமிஷம் ஆனால் "ஏழு நிமிஷம்" என்று மட்டும் சொல்வார், வேறொன்றும் சொல்ல மாட்டார். அவர் மனைவி அந்த ஏழு நிமிஷத்துக்காக அவரோடு ஏழு நாள் பேசாமல் இருந்திருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் காலை எட்டே காலுக்கு, ஒரு தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்து, செத்துப்போனவனுக்குப் பஞ்சர் என்று சொல்லிவிட்டார். 

இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம், பதிமூன்றரை மணி நேரம், வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி அட்டையில் முத்திரை குத்துவார்கள். மூன்று முத்திரையும் விழுந்து, கடைசிக் கோட்டையும் நேரத்துக்குள் தாண்டினால் முடித்ததாகக் கணக்கு. பத்து வருஷம் முடித்தவருக்குப் பெயர் பொறித்த பித்தளைக் கேடயம். டைம்கீப்பர், அவருடைய மச்சினன், பல் டாக்டர், தபால்காரர் என்று நான்கு பேரும் ஒரே வருஷத்தில்தான் ஆரம்பித்தார்கள். நான்கு பேருக்கும் ஒன்பது முடிந்திருந்தது. ஆரம்பித்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. டைம்கீப்பர் ஆரம்பித்தார், மற்ற மூன்று பேருக்கும் படிவத்தைப் பூர்த்தி செய்தார்.

தபால்காரர் அவருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பெஞ்சு. ஊருக்கு அவர் தபால்காரர், இவருக்கு வெறும் "தபால்". வாரத்தில் ஆறு நாள் சைக்கிளில் கடிதம் போட்ட ஆள். "அவன் சைக்கிள் மேலேயே பொறந்தவன்யா" என்று டைம்கீப்பர் டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

சென்ற வருஷ ஓட்டம் முடிந்த மறுமாதமே தபால் படுக்கையில் விழுந்தான். வயிற்றில் கட்டி. பார்த்தபோதே முற்றிப்போயிருந்தது. டைம்கீப்பர் மனசு கேட்காமல், அடுத்த வருஷத்துக்கான பதிவு தொடங்கிய அன்றே நான்கு பேருக்கும் பெயர் கொடுத்து, நாற்பத்தேழு என்று அச்சடித்த துணி எண்ணை ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போய் அவன் நெஞ்சின்மேல் வைத்தார். "பத்தாவதுடா. எந்திரிச்சு வா" என்றார். தபால் அந்தத் துணியைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதான். எவ்வளவு ஆசை இருந்தால் ஒரு மனுஷன் அப்படி அழுவான்! அன்றைக்குத் துணி எண்ணைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கும்போது, ஆஸ்பத்திரிப் படியிலேயே டைம்கீப்பர் முடிவு செய்துவிட்டார். அவன் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, பத்தாவதை முடித்து, கேடயத்தை அவன் வீட்டில் வைத்துவிட்டுத்தான் மறு வேலை.

அதற்குத்தான் இந்தப் பஞ்சர்.

"விட்டுடுப்பா" என்றார் பல் டாக்டர், கழிவறைக்குப் பின்னால் நின்றுகொண்டு. "அவனே போயிட்டான். அட்டை எதுக்கு?"

"டாக்டர், நீங்க பல்லைப் பிடுங்குங்க. இதை என்கிட்ட விடுங்க. ஜாக்கெட்டைக் கழட்டுங்க."

டாக்டரின் நீல மழை ஜாக்கெட்டை மச்சினனுக்கு மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஹெல்மெட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, நெஞ்சில் நாற்பத்தேழைக் குத்தி, டாக்டரின் சைக்கிளையும் கையில் கொடுத்தார் டைம்கீப்பர். மச்சினனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பன்னிரண்டாவது மாடியில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவான், பயமே கிடையாது. ஆனால் அக்கா வீட்டுக்காரருக்கு மட்டும் பயம்.

"மாமா, செத்தவங்க நம்பரை மாட்டிக்கிட்டா நெஞ்சுல என்னமோ ஜில்லுன்னு இருக்கு மாமா."

"ஊசி குத்தியிருக்கும். போ."

போனான். முத்திரை அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பஞ்சர் ஒட்டியாச்சா?"

தலையாட்டினான்.

"பேச மாட்டீங்களா?"

அதற்கும் தலையாட்டினான்.

"மூஞ்சியில சொட்டு ரத்தம் இல்லையே! எழவு வீட்டுலேர்ந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கீங்க. உடம்புக்கு ஏதாச்சும்?"

மச்சினன் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினான். நாற்பத்தேழின் அட்டையில் முதல் முத்திரை நல்ல ஊதா நிறத்தில், வட்டமாக விழுந்திருந்தது. டைம்கீப்பர் அதை ஊதிக் காயவைத்தார். அந்த அம்மாள் தம் பேரேட்டில் ஏதோ எழுதிவிட்டுப் போனைக் கையில் எடுத்ததை அவர் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது நிறுத்தத்தில் விஷயம் புரிந்தது.

அங்கே சாலை ஓரத்தில் ஒரு கூடாரம். வாசலில் நர்ஸ் ஒருவர், கையில் ரத்த அழுத்தக் கருவியோடு, வருகிற ஒவ்வொரு சைக்கிளின் எண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாற்பத்தேழு வந்தாச்சா? நாற்பத்தேழு?"

"திரும்பிடலாம்" என்றார் டாக்டர்.

"நேரத்துக்கு அரை மணி முன்னாடி இருக்கோம். எதுக்குத் திரும்பணும்? ரத்த அழுத்தம்தானே பார்ப்பாங்க, ரேகையா பார்க்கப்போறாங்க?" என்றார் டைம்கீப்பர்.

மச்சினன் முதலில் நாற்பத்தாறாகப் போய் முத்திரை வாங்கினான். பிறகு ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் போய் நாற்பத்தேழாகத் திரும்பி வந்தான். முத்திரை விழுந்தது. விழுந்த கையோடு நர்ஸ் அவன் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் கூட்டிப் போய்விட்டார். டைம்கீப்பரும் டாக்டரும் துணிச் சுவருக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நூத்தி எண்பதுக்கு நூத்திப் பத்து! எப்ப இருந்து இப்படி இருக்கு?"

"காலையில எட்டே காலிலேர்ந்து."

"குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருக்கா?"

 மச்சினன் மிகவும் யோசித்த குரலில் கேட்டான்: "யார் குடும்பத்துல?"

"குழப்பமாப் பேசறார்" என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "படுங்க. ஓட்டினது போதும். ரெண்டு மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் நம்ம வண்டியிலேயே வீட்டுல விட்டுடுவோம்."

 வண்டி என்றால் அள்ளுவண்டி. பாதியில் முடியாமல் நிற்பவர்களை அள்ளிக்கொண்டு போக எல்லாருக்கும் கடைசியில் ஒரு வெள்ளை வேன் ஊர்ந்து வரும். அதில் ஏறியவனுக்கு அட்டையில் சிவப்பாக "முடிக்கவில்லை" என்று விழும். இந்த ஒன்பது வருஷத்தில் டைம்கீப்பர் ஒரு முறைகூட அந்த வேனைத் திரும்பிப் பார்த்ததில்லை. தபால்தான் மேடு வருகிற இடத்திலெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று இவர் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளுவார்.

நர்ஸ் குளுக்கோஸ் எடுக்க அந்தப் பக்கம் போன நேரம், டைம்கீப்பர் கூடாரத்தின் பின்பக்கத் துணியைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டினார்.

"டேய். எந்திரி."

மச்சினன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். தலைக்கு மேல் சின்ன மின்விசிறி. முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு நிம்மதி.

"பத்து நிமிஷம் மாமா. சுகமா இருக்கு."

"ரெண்டு முத்திரை விழுந்திருக்கு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. நீ எந்திரிக்கலைன்னா உங்க அக்காவுக்குப் போன் போடறேன்."

எழுந்துவிட்டான். கூடாரத் துணிக்கு அடியில் புகுந்து, டாக்டரின் சைக்கிளை ஒரு நாயின் வால்மேல் ஏற்றி, தப்பித்தார்கள்.

அதற்கப்புறம் வாய்க்கால் கரைச் சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புதர். காற்று முதுகில் தள்ளியது. டைம்கீப்பருக்கு மனசு லேசாகிவிட்டது. மூன்றாவது நிறுத்தத்தில் இதே மாதிரி ஒரு தடவை சமாளித்துவிட்டால் முடிந்தது. ஆறு மணிக்குத் தபால் வீட்டுக் கதவைத் தட்டி, அவன் மனைவி கையில் கேடயத்தைக் கொடுக்கப்போகிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே நின்று பார்க்க வேண்டும், அவள் முகம் எப்படி மலர்கிறது என்று.

அந்த நேரம் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி வேறு. "நீல ஜாக்கெட்! நாற்பத்தேழு! நீங்க ஓட்டக் கூடாது! இறங்கிடுங்க!"

வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. மச்சினன் ஒரே உதறலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் புதரைப் பார்த்து வீசினான். மோட்டார் சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஓட்டியவர் இவர்களைப் பார்த்து, "நாற்பத்தேழைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள்.

அரை கிலோமீட்டர் போனபின் டைம்கீப்பர் கேட்டார்: "நம்பரைக் கழட்டிட்டுத்தானே போட்டே?"

மச்சினன் குனிந்து வேகமாக மிதித்தான்.

"புதர்லதானே போட்டே?"

"புதரைப் பார்த்துத்தான் போட்டேன் மாமா. காத்து அந்தப் பக்கம் அடிச்சுது."

மூன்றாவது நிறுத்தத்தில் யாருக்கும் முத்திரை குத்தவில்லை. நூற்றைம்பது சைக்கிள்கள் சாலை ஓரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நூற்றைம்பது பேரும் வாய்க்கால் கரையில் நின்றார்கள். அமைப்பாளர், கட்டுமஸ்தான ஆள், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர், மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, நாற்பத்தேழாம் எண் வீரரோட ஜாக்கெட் தண்ணியில கிடைச்சிருக்கு. உடம்பு சரியில்லாம இருந்தவர். மருத்துவக் கூடாரத்துலேர்ந்து தானா எழுந்து போயிருக்கார். பத்துப் பத்துப் பேராப் பிரிஞ்சு தேடலாம். அவர் டீம் யாரு? டீம் இருக்காங்களா?"

இருந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ டைம்கீப்பரின் தோளில் கை வைத்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார். முதல் நிறுத்தத்து முத்திரை அம்மாளும் வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "அப்பவே நினைச்சேன் தம்பி. அந்த முகத்தைப் பார்த்ததும் நினைச்சேன். நான்தான் பிடிச்சு உட்கார வச்சிருக்கணும்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். டைம்கீப்பர் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டே கரைக்கு இறங்கிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர் மூங்கில் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கூப்பிடுங்க சார். தெரிஞ்ச குரல் கேட்டா பதில் குடுப்பார்" என்றார் ஒருவர்.

"கூப்பிடுங்க" என்றார்கள் மற்றவர்களும்.

டைம்கீப்பர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல், "தபால்" என்றார், தொண்டைக்குள்ளேயே.

"சத்தமா சார்!"

"தபால்!"

"இன்னும் சத்தமா!"

"டேய் தபால்!"

அந்த மூன்றாவது கூப்பாட்டில் என்னவோ ஆகிவிட்டது. பத்து மாதமாக அவர் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து கூப்பிட்ட பெயர், டிப்போ கேட்டிலிருந்து கூப்பிட்ட பெயர். கூப்பிட்டால் தெருமுனையில் மணி அடிக்கும், பையோடு வருவான். போன வருஷம் இதே இடத்தில் வந்து நின்றவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கயே இறங்கிடவாடா?" என்று கேட்டான். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னிரண்டு நிமிஷம் லேட். ஏறு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏறிவிட்டான். அறுபது கிலோமீட்டர், உள்ளே அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மிதித்தான். எவ்வளவு வலித்திருக்கும்! அதை இவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மனைவியிடமும் சொன்னதில்லை.

"டேய் தபால்! எங்கடா போயிட்டே? வாடா! லேட்டானாப் பரவாயில்லைடா, வாடா!"

முழங்கால் சேற்றில் புதைய உட்கார்ந்து ஓவென்று அழுதார். மச்சினனும் அழுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டார். கரையில் நின்ற நூற்றைம்பது பேரில் பாதிப் பேர் அழுதார்கள்.

"கிடைச்சிடுவார் சார், தைரியமா இருங்க" என்று அமைப்பாளர் வந்து அவரைத் தூக்கி நிறுத்தினார். "வீட்டுக்கும் சொல்லியாச்சு."

டைம்கீப்பரின் அழுகை பாதியில் நின்றது. "எந்த வீட்டுக்கு?"

"அவர் வீட்டுக்குத்தான். படிவத்துல அவசரத்துக்கு மனைவி நம்பர் குடுத்திருந்தார்ல, அதுல."

கொடுத்தது யார்? ஒன்பது வருஷத்துப் படிவத்தைப் பார்த்து, ஒரு எழுத்து பிசகாமல் இவரேதான் எழுதிக் கொடுத்தார்.

"என்ன... என்ன சொன்னீங்க?"

"உங்க கணவர் ரெண்டாவது நிறுத்தத்துக்கு அப்புறம் காணலை, தேடிக்கிட்டிருக்கோம்னேன்.  'அப்ப முடிக்கலையா?'ன்னு கேட்டாங்க. இல்லைம்மா, பாதியிலயே நின்னுட்டார்னேன். 'நிஜமா பாதியிலயா?'ன்னு திரும்ப ஒருதரம் கேட்டாங்க. ஆமான்னேன். போனை வச்சுட்டாங்க. அதிர்ச்சி சார், பாவம்."

டைம்கீப்பர் அமைப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து மாதத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டு, உன் புருஷனைக் காணோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இவர் காரணம்.

"தேடாதீங்க" என்றார். "அவன் செத்துட்டான்."

"அப்படியெல்லாம் வாயால சொல்லாதீங்க சார்."

"இல்லைங்க, நிஜமாவே செத்துட்டான்."

"நம்பிக்கையை விடக் கூடாது சார். போன மாசம்கூட ஒருத்தர் இதே மாதிரி..."

"செத்து பத்து மாசம் ஆச்சுய்யா!"

அமைப்பாளர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு டைம்கீப்பரை நோக்கி வந்தார். கடைசியில் பல் டாக்டர் குறுக்கே புகுந்து, அஞ்சல் அட்டை அளவுக்கு மடித்துத் தன் பர்ஸில் வைத்திருந்த இரங்கல் அறிவிப்பை விரித்துக் காட்ட வேண்டியிருந்தது. போட்டோவில் தபால் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே தேதி இருந்தது.

அமைப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். தண்ணீரில் நின்ற நான்கு பேரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அப்ப என் கூடாரத்துல படுத்திருந்தது யாரு?" என்றார் நர்ஸ்.

மச்சினன் மெதுவாகக் கையைத் தூக்கினான்.

பிறகு நடந்ததை நீட்டிச் சொல்ல வேண்டாம். முத்திரை அம்மாள் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. "உங்க அம்மா இருக்காங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. நான்கு அட்டையும் பறிபோயின. இந்த வருஷம் ரத்து, இனி எந்த வருஷமும் சேர்க்கை கிடையாது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் உங்க டீமோட பழைய ஒன்பதும் செல்லாது" என்றார் அமைப்பாளர்.

"எங்களுது போகட்டும் சார். அவன் ஒன்பதும் நிஜமா ஓட்டினான்" என்று டைம்கீப்பர் கெஞ்சினார்.

"இன்னைக்கும் நிஜமா ஓட்டினதாத்தான் என் பேரேட்டுல இருக்கு" என்றார் அமைப்பாளர்.

பத்தாவதை வாங்கித் தரப்போய், இருந்த ஒன்பதையும் தொலைத்தாயிற்று. நாற்பத்தேழின் அட்டையில் இரண்டு ஊதா வட்டங்களின்மேல், குறுக்கே, சிவப்பில் "முடிக்கவில்லை" என்று ஓங்கி ஒரு குத்து விழுந்தது. மற்ற மூன்றிலும் விழுந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் டைம்கீப்பர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அமைப்பாளர் நாற்பத்தேழை மட்டும் அவர் கையில் திணித்தார். "இதை அந்தம்மாகிட்ட நீங்களே குடுத்து மன்னிப்புக் கேளுங்க. எனக்கு அந்த மூஞ்சியைப் பார்க்கத் தைரியம் இல்லை."

அள்ளுவண்டியில் ஏற்றினார்கள். உள்ளே மெத்தை போட்ட இருக்கைகள், குளிர்ந்த காற்று, ஒரு கூடை வாழைப்பழம். மச்சினன் இரண்டாவது பழம் முடிவதற்குள் குறட்டை விட்டான். டாக்டர் காலை நீட்டிக்கொண்டு, "பத்து வருஷமா இது நம்ம பின்னாலயே வந்துக்கிட்டிருந்திருக்குப்பா" என்றார், யாரிடம் என்றில்லாமல். டைம்கீப்பர் நெஞ்சோடு அட்டையை வைத்துக்கொண்டு, இறங்கியதும் அவளிடம் என்ன சொல்வது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தார். எதுவும் தேறவில்லை.

தபால்காரர் வீட்டு வாசலில் வேன் நின்றபோது ஐந்தரை மணி. கதவு திறந்தே இருந்தது. மூன்று பேரும் சேற்றுக் காலோடு தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள்.

முன்னறையில் சுவரோடு சாய்ந்து அவனுடைய சைக்கிள். இரண்டு டயரிலும் காற்றில்லை. கைப்பிடியில் ஈரத் துண்டுகள் காய்ந்தன, பின் இருக்கையில் பழைய செய்தித்தாள் கட்டு. மேல் அலமாரியில் சட்டம் போட்ட போட்டோ, அதே சிரிப்பு. அவன் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் போன். எழுந்து, மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எத்தனை மணிக்குப் போன் வந்ததோ, அப்போதிலிருந்து அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 

"தங்கச்சி" என்றார் டைம்கீப்பர்.  "என்னை என்ன வேணும்னாலும் திட்டும்மா. செருப்பைக் கழட்டி அடி. அந்தப் போன்... அது என்னாலதான். அவன் பேரைக் குடுத்து, இவனை வேஷம் கட்ட வச்சு... எல்லாம் நான் பண்ணினது."

அவள் கையை நீட்டினாள். அவர் அட்டையைக் கொடுத்தார். அவள் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி அதைப் பார்த்தாள். இரண்டு ஊதா வட்டங்கள். குறுக்கே சிவப்பு எழுத்து. விரலால் அந்தச் சிவப்பு எழுத்தை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"இது பொய்யில்லையே? அவங்களே போட்டதுதானே?"

"அவங்களே போட்டதுதாம்மா. பத்தாவதை முடிச்சுக் குடுக்கலாம்னு பார்த்தேன். மூணாவது முத்திரையைக்கூட வாங்க முடியலை. பழைய ஒன்பதையும் தொலைச்சுட்டேன். அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான் ஆசை. ஆஸ்பத்திரியில அந்த நம்பரைப் பார்த்துட்டு எப்படி அழுதான்! நீயும் பக்கத்துலதானே நின்னே? அந்த ஒரு ஆசையைக்கூட..." முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அட்டையைப் போட்டோவுக்குப் பக்கத்தில், சிவப்பு எழுத்து நன்றாகத் தெரியும்படி சாய்த்து வைத்தாள். சற்றுக் கோணலாக இருந்தது. நேராக்கினாள். இறங்கி வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள்.

"அது ஆசையில அழுதது இல்லைண்ணா, நீங்க அந்தப் பக்கம் போனதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'பார்த்தியா, இங்க வந்து படுத்தும் விட மாட்டேங்கிறான், ஒரே ஒரு வருஷமாவது பாதியில இறங்கி அந்த வேன்ல ஏறி வீட்டுக்கு வந்துடணும்'னாரு, இன்னைக்குத்தான் வந்திருக்காரு."